வரலாற்றுப் பாடத்தைத் தலைகீழாக்கிப் பார்ப்போம்: மலையக ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பாடசாலைகளில் ஒரு வரலாற்றுப் பாடவேளை 40 நிமிடம். வரவு எடுத்து, சென்ற பாடத்தை நினைவூட்டி முடிப்பதற்குள் ஐந்தாறு நிமிடம் கரைந்துவிடும். மீதி நேரத்தில் ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குறிப்பு எழுதுகிறார்கள். மணி அடிக்கிறது. 'இது ஏன் நடந்தது?' என்ற கேள்வி வீட்டுவேலையாக லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, போகிறது. காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போய், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, பொழுதுசாய வீடு வரும் அம்மாவால் அதற்கு எப்படி உதவ முடியும்? பாடத்தில் ஆகக் கடினமான பகுதியை, துணைக்கு ஆளில்லாத இடத்துக்கு அனுப்பிவிட்டு, பிள்ளை தானாகவே வாசித்துக்கொள்ளக்கூடிய பகுதிக்கு நாம் வகுப்பில் நேரம் செலவழிக்கிறோம்.

இதைப் புரட்டிப்போடுவதுதான் தலைகீழ் வகுப்பறை. நிகழ்ச்சி, ஆண்டு, பெயர், இடம் ஆகியவை முதல்நாளே வீட்டுக்குப் போகும். காரணம் தேடுவது, சான்றைச் சோதிப்பது, வாதாடுவது, விடை எழுதுவது எல்லாம் ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது வகுப்பில் நடக்கும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனதன் பேர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு இரசாயனவியல் ஆசிரியர்கள் 2007 அளவில் தங்கள் பாடங்களை வீடியோவாகப் பதிந்து கொடுக்கத் தொடங்கினார்கள். விளையாட்டுப் போட்டி போன்ற காரணங்களால் வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காகச் செய்த அந்த ஏற்பாட்டிலிருந்துதான் இந்த முறை பரவலாகப் பேசப்பட்டது. அதனால் தலைகீழ் வகுப்பறை என்றாலே வீடியோதான் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். மலையகத்தில் இந்த எண்ணமே முதல் தடை. வீட்டில் இருப்பது ஒரே போனாக இருக்கலாம், அதுவும் வேலைக்குப் போன அப்பாவோடு கொழும்பில் இருக்கலாம். சில மலைகளில் சிக்னலுக்கு மேட்டில் ஏற வேண்டும். என்னைக் கேட்டால், வரலாற்றுப் பாடத்துக்கு வீடியோ வேண்டியதே இல்லை, ஒரு தாள் போதும். வேறெந்தப் பாடத்துக்கும் வாய்க்காத ஒரு வசதி வரலாற்றுக்கு உண்டு: பாடத்துக்கு வேண்டிய சான்றில் ஒரு பங்கு பிள்ளையின் வீட்டுப் பெட்டியிலும் பாட்டியின் வாயிலும் இருக்கிறது.

முதல் படி: ஒரேயொரு பாடத்தைத் தெரிவுசெய்யுங்கள்

தவணை முழுவதையும் மாற்றப் போகாதீர்கள். ஓர் அலகில் ஒரு பாடம் போதும். ஆனால் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். வெறும் பெயர்ப்பட்டியலாக இருக்கும் பாடத்தைப் புரட்டினால் வகுப்பில் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. இரண்டு பேர் இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு 'ஏன்' அதற்குள் இருக்க வேண்டும்.

தரம் 11இல் பிரித்தானியர் ஆட்சியின்போது உருவான பெருந்தோட்டப் பொருளாதாரம் இதற்கு மிகவும் பொருத்தமானது. கோப்பி எப்படி வந்தது, எப்படி அழிந்தது, தேயிலை எப்படி இடம்பிடித்தது என்பதெல்லாம் கதை. அது வீட்டுக்குப் போகட்டும். வகுப்புக்கு ஒரே கேள்வி: கோப்பிக் காலத்தில் வந்து வந்து திரும்பிப் போனவர்கள், தேயிலைக் காலத்தில் ஏன் தங்கிவிட்டார்கள்? இந்த வழிகாட்டியில் இதையே மாதிரிப் பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் படி: வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

'வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லாதவர்கள் கை தூக்குங்கள்' என்று வகுப்பில் கேட்கவே கூடாது. சின்னத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். மாலையில் எத்தனை மணிக்குப் போன் கைக்கு வரும், வாட்ஸ்அப் உண்டா, வீட்டில் வாசித்துக்காட்ட யாராவது இருக்கிறார்களா, வயதான பாட்டி, தாத்தா இருக்கிறார்களா, படிக்க அமைதியான நேரம் எது என்பவற்றைக் கேட்டால் போதும். கடைசிக் கேள்வியின் பதில்களைப் பொறுமையாக வாசியுங்கள். ஓர் அறையில் ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டில் டிவி நிற்கும் வரை அமைதி கிடையாது. அப்படியான பிள்ளைக்கு, காலையில் பாடசாலைக்கு நேரத்தோடு வந்து வாசிக்கும் 15 நிமிடமே 'வீட்டுப் பகுதி'யாக இருக்கட்டும். இடம் முக்கியமில்லை, வகுப்புக்கு முன்பே பிள்ளை வாசித்திருப்பதுதான் முக்கியம்.

மூன்றாம் படி: வீட்டுத்தாளைத் தயாரியுங்கள்

அரசு இலவசமாகத் தரும் பாடநூல் எல்லாப் பிள்ளையிடமும் இருக்கிறது. ஆனால் 'பக்கம் இத்தனை முதல் இத்தனை வரை வாசித்து வாருங்கள்' என்றால் பாதிப்பேர் வாசிக்க மாட்டார்கள், வாசித்தவர்களுக்கும் எது முக்கியம் என்று பிடிபடாது. பாடநூலுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேற்படாத தாள்தான் அந்த வாசல். மாதிரித்தாளின் முக்கியப் பகுதி இப்படி இருக்கலாம்:

'1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில் கண்டிக்கு வீதி திறந்தது. கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். 1840இல் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம் வந்தது. காடு, தரிசு, பயிரிடாத நிலம் எதுவாயினும், வேறு ஆளுக்குச் சொந்தம் என்று நிரூபிக்கப்படாத வரை அது முடிக்குரியது (பிரித்தானிய அரசுக்குச் சொந்தம்) என்றது அந்தச் சட்டம். கோப்பிப்பழம் பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பறிப்புக் காலம் முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. 1885இல் ரயில்பாதை நானுஓயா வரை ஏறியது. தேயிலையில் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும்.'

இதற்குக் கீழே மூன்று கேள்விகள். ஒன்று, தாளைப் பார்த்தே விடை சொல்லக்கூடியதாக இருக்கட்டும்: ரயில் கண்டிக்கு வந்ததற்கும் கோப்பி நோய் தொடங்கியதற்கும் இடையில் எத்தனை ஆண்டு? இரண்டாவது, பாடநூலைத் திறக்க வைக்க வேண்டும்: கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையில் வேறு என்ன பயிர்களை முயன்றார்கள்? மூன்றாவது கேள்வி, வீட்டிலுள்ள பெரியவரிடம் கேட்க வேண்டியது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

தாளில் காரணங்களை எழுதிவிடாதீர்கள். 'ஆகவே', 'இதனால்' போன்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடிப்பார்த்து வெட்டுங்கள். மேலே உள்ள மாதிரியில் நிகழ்ச்சிகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றையொன்று தொடுவதில்லை. தொடுத்துப் பார்ப்பதுதான் நாளைய வகுப்பில் பிள்ளைகளுக்கு வேலை.

போன் உள்ளவர்களுக்காக அதே தாளை உங்கள் குரலில் வாசித்து ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாம். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒரு எம்பி அளவில் அடங்கிவிடும். அதே ஐந்து நிமிடம் வீடியோவானால் டேட்டா பல மடங்கு போகும், ரீலோட் போடும் அப்பாவின் பையைத்தான் அது கடிக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்குக் குரல் பதிவு பெரிய துணை. தாளைப் பார்த்துக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். மேலதிகமாகத் தேட விரும்புபவர்களுக்குக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தையும், ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் இணையத்தளத்தையும் சொல்லிவிடுங்கள். கட்டாயமாக்க வேண்டாம்.

போட்டோ கொப்பிச் செலவு உண்மையான பிரச்சினை. இரண்டு பேருக்கு ஒரு தாள், அல்லது முதல்நாள் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் கொப்பியில் எழுதவைப்பது, இரண்டுமே சரிதான். தாளைப் பாடத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே கொடுங்கள், சனி, ஞாயிறு இடையில் வந்தால் இன்னும் நல்லது.

நான்காம் படி: வாசலில் ஐந்து நிமிடம்

வகுப்பு தொடங்கியதும் ஐந்து சிறு கேள்விகள், பரீட்சையின் பல்தேர்வு வடிவிலேயே. பக்கத்துப் பிள்ளை திருத்தட்டும். புள்ளியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம், யார் வாசித்து வந்தார்கள் என்று நமக்குத் தெரிந்தால் போதும்.

வாசிக்காமல் வந்தவர்களை என்ன செய்வது? இந்த முறையைக் கைவிடும் ஆசிரியர்களில் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். நான்கு பேர் வாசிக்கவில்லை என்பதற்காக முழுப் பாடத்தையும் மறுபடி சொன்னால், அடுத்த தடவை நாற்பது பேரும் வாசிக்காமல் வருவார்கள். 'எப்படியும் சேர் சொல்வார்தானே' என்று பிள்ளைகள் சட்டென்று கணக்குப் போட்டுவிடுவார்கள். ஏசவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். வகுப்பின் பின்மூலையில் உட்கார்ந்து ஏழெட்டு நிமிடம் தாளை வாசித்துவிட்டுக் குழுவில் சேரட்டும். வாசிக்காததற்கு வீட்டில் என்ன காரணம் என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். தம்பி, தங்கையைப் பிள்ளைக்காம்பிராவிலிருந்து (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து) கூட்டிவந்து, சோறாக்கி முடிக்கும் பிள்ளையிடமிருந்து வரும் பதில் அடுத்த தாளின் நீளத்தையே மாற்றிவிடக்கூடும்.

ஐந்தாம் படி: வகுப்பின் நடுப்பகுதி

ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் எட்டு அட்டைகள். பழைய நாட்காட்டித் தாளை வெட்டி எழுதினால் செலவில்லை. 1840 காணிச் சட்டம், 1867 கண்டி ரயில், 1867 லூல்கந்துர தேயிலை, 1869 கோப்பி நோய், 1885 நானுஓயா ரயில் என்பவை ஐந்து அட்டைகள். ஆறாவது: 'கோப்பிப் பறிப்பு ஆண்டில் சில மாதங்களே.' ஏழாவது: 'கொழுந்து ஆண்டு முழுவதும் எடுக்க வேண்டும், பெண்களும் சிறுவர்களும் வேலை செய்தார்கள்.' எட்டாவது: 'பயணச் செலவு தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது, கங்காணி ஆள் சேர்த்தார்.'

முதல் 12 நிமிடம் அட்டைகளைத் தரையில் பரப்பி, காரணம் எது விளைவு எது என்று சோக்கால் அம்புக்குறி போடட்டும். ஆண்டு வரிசையில் அடுக்கிவிட்டு 'முடிந்தது டீச்சர்' என்று ஒரு குழு எழும்பும். அவர்களிடம் ஒரே கேள்வி: '1867இலிருந்து 1869க்கு அம்பு போட்டிருக்கிறீர்களே, ரயில் வந்ததாலா கோப்பிக்கு நோய் வந்தது?' முன்பின் நடந்தது வேறு, காரணமாவது வேறு என்பதை விரிவுரையில் எத்தனை முறை சொன்னாலும் பதியாது. தன் கையால் போட்ட அம்பைத் தானே அழிக்கும்போது பதியும்.

அடுத்த 12 நிமிடம் வாதம். ஒவ்வொரு குழுவும் 'ஏன் தங்கிவிட்டார்கள்?' என்பதற்கு ஆக வலுவான ஒரு காரணத்தைத் தெரிவுசெய்து நிறுவ வேண்டும். ஆண்டு முழுவதும் வேலை, குடும்பமாக வந்தது, கடன், ஊரில் திரும்பிப் போய்ப் பிழைக்க நிலமில்லாமை என்று பல காரணம் வரும். 'இதுதான் சரி' என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒவ்வொரு காரணத்துக்கும் 'எந்த அட்டை அதைக் காட்டுகிறது?' என்று விடாமல் கேளுங்கள். அட்டை இல்லாத காரணம் ஊகம். ஊகம் சொல்லலாம், ஆனால் ஊகம் என்று சொல்லித்தான் சொல்ல வேண்டும்.

1840 அட்டையை எந்தக் குழுவும் பயன்படுத்தாமல் விட்டுவிடக்கூடும். அப்போது நீங்களே எடுத்துப் பிடியுங்கள். நிலம் தன்னுடையது என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்த கண்டிய விவசாயியிடம் உறுதிப்பத்திரம் இருந்திருக்குமா? முடிக்குரிய நிலம் ஆரம்பத்தில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் தோட்டச் சொந்தக்காரர்களுக்கு விற்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். நிலத்தை இழந்த கிராமத்தவரும், அந்த நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவரும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கத்தில் நின்றவர்கள். தோட்டமும் சிங்களக் கிராமமும் அருகருகே இருக்கும் நம் ஊர்களில் வளரும் பிள்ளைக்கு இந்தப் புரிதலைவிட அவசியமான வரலாற்றுப் பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்காகப் பத்து நிமிடம் கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

மிஞ்சும் நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஐந்து வரி எழுத வேண்டும். குழுவில் பேசாத பிள்ளை எழுத்தில் பேசும். எழுதும்போது வகுப்பைச் சுற்றி நடந்து, தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் குனிந்து உதவுங்கள். வகுப்பைப் புரட்டியதன் பலன் உங்களுக்குக் கிடைப்பது இந்த நேரத்தில்தான்.

ஆறாம் படி: பாட்டியின் சாட்சியம்

வீட்டுத்தாளின் மூன்றாவது கேள்விக்கு வருவோம். 'நம் குடும்பத்தில் முதலில் இந்தத் தோட்டத்துக்கு வந்தது யார், எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக?' இதைப் பேட்டியாகச் செய்யச் சொன்னால் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். இரவுச் சோறு முடிந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது சும்மா கேட்கச் சொல்லுங்கள். பிரட்டு, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), துண்டு (தொழிலாளியின் கடனைக் குறித்த சீட்டு) போன்ற சொற்கள் வந்தால் அப்படியே எழுதி வரட்டும், திருத்த வேண்டாம்.

ஒரு பிள்ளை இப்படி எழுதி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 'எங்க பாட்டியோட அப்பா மன்னார்லருந்து மாத்தளைக்குக் காட்டு வழியா நடந்தே வந்தாராம்.' இதை அப்படியே பாராட்டி விட்டுவிடாதீர்கள், ஒதுக்கவும் வேண்டாம். சோதித்துப் பாருங்கள். பாட்டி பிறந்தது எப்போது? 1945 என்றால், அவருடைய அப்பா வந்தது பெரும்பாலும் 1914க்குப் பிறகாக இருக்கும். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் சேவையும் தலைமன்னார் ரயிலும் தொடங்கிவிட்டன. இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, கப்பலேறி, ரயிலில் வந்தவர்கள்தான் அந்தத் தலைமுறையில் அதிகம். அப்படியானால் அந்த நடைப்பயணம் யாருடையது?

'பாட்டி பொய் சொன்னாங்களா சேர்?' என்று அந்தப் பிள்ளை கேட்கும், முகம் வாடியிருக்கும். இங்கே நாம் சொல்லும் பதிலில் நிறைய இருக்கிறது. பாட்டி பொய் சொல்லவில்லை. கோப்பிக் காலத்தில் அந்தக் காட்டு வழியாக ஆயிரக்கணக்கானோர் நடந்ததும், பசியாலும் காய்ச்சலாலும் பலர் வழியிலேயே இறந்ததும் நடந்தவை. அவருடைய அப்பாவுக்கும் முந்திய ஒருவர் நடந்திருக்கலாம், அல்லது லயத்தில் எல்லோரும் சொன்ன கதை தம் குடும்பக் கதையாகவே கலந்திருக்கலாம். 2023இல், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டானதையொட்டி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபவனி போனவர்கள் நினைவுகூர்ந்ததும் அந்த வழியைத்தான். ஆண்டைத் தெரிந்துகொள்ள ஆவணத்தைப் பார்க்கிறோம். அந்த வழி மக்கள் மனதில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பாட்டியைக் கேட்கிறோம். இரண்டும் சான்றுதான், இரண்டும் வேறுவேறு கேள்விக்குப் பதில் சொல்பவை.

இங்கே கட்டாயம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய கடவுச்சீட்டு, பிரஜாவுரிமைப் பத்திரம் போன்ற மூல ஆவணங்களைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். மழையில் நனைந்தால், தொலைந்தால் திருப்பித் தர முடியாது. வீட்டிலேயே பார்த்து, ஆண்டையும் ஊர்ப்பெயரையும் மட்டும் எழுதி வரட்டும். அடையாள இலக்கம் எதுவும் வேண்டாம். சாதி வெளிப்படும் கேள்விகளையும் தவிர்த்துவிடுங்கள். சொல்ல விரும்பாத குடும்பத்தை வற்புறுத்தவும் வேண்டாம். பாட்டி, தாத்தா இல்லாத பிள்ளை பக்கத்து லயத்துப் பெரியவரிடம் கேட்கட்டும்.

ஏழாம் படி: பரீட்சை, அதிபர், பெற்றோர்

'சிலபஸ் முடியுமா?' என்றுதான் முதலில் கேட்பார்கள், நியாயமான கேள்வி. சாதாரண தரப் பரீட்சையின் முதல் வினாத்தாளில் 40 பல்தேர்வு வினாக்கள் இருக்கின்றன. ஆண்டும் பெயரும் தெரியாமல் அதைத் தாண்ட முடியாது. அந்த விவரங்கள் வீட்டுத்தாளிலும் வாசல் கேள்விகளிலும் இரண்டு தடவை வந்துவிடுகின்றன. இரண்டாம் வினாத்தாளில் தேசப்படம் குறிப்பதற்கும் காரணம் விளக்குவதற்கும் வகுப்பு வேலையே பயிற்சி. அட்டை வேலையின்போது கண்டி, நானுஓயா, பண்டாரவளை, பதுளை என்று ரயில்பாதை ஏறிய வழியை வெற்றுப் படத்தில் 1867, 1885, 1894, 1924 என்று குறிக்கவைத்தால் தேசப்படப் பயிற்சியும் சேர்ந்தே முடியும்.

அதிபருக்கும் ஆசிரிய ஆலோசகருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தரையில் உட்கார்ந்து சத்தம்போட்டு வாதாடும் வகுப்பை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கட்டுப்பாடில்லாத வகுப்பாகத் தெரியும். பாடக்குறிப்பில் வீட்டுத்தாளை ஒட்டி, நேரப் பிரிப்பை எழுதி வையுங்கள். பெற்றோர் கூட்டத்தில், பிள்ளை கேள்வி கேட்டால் இரண்டு நிமிடம் பதில் சொல்லுங்கள் என்று மட்டும் வேண்டிக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாத தாயும் தன் அனுபவம் பாடமாகிறது என்று கேள்விப்பட்டால் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள்.

எட்டாம் படி: அடுத்த பாடம்

முதல் பாடம் முடிந்த அன்றே ஐந்துவரி விடைகளை வாசித்து, எத்தனை பேர் காரணத்தைச் சான்றோடு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் எழுதியிருந்தால் அடுத்ததற்குப் போகலாம். இல்லையென்றால் தாளைச் சுருக்கி, அட்டையை ஆறாகக் குறைத்து, இன்னொரு பாடத்தில் அதே முறையைச் செய்யுங்கள்.

அடுத்து எடுப்பதற்கு 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் நல்லது. பௌத்த மதத்தைக் காப்பதாக வாக்களிக்கும் 5ஆம் பிரிவைத் தாளில் கொடுங்கள். 1817, 1818இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி நடந்து, 1818 நவம்பர் பிரகடனத்தில் கண்டியப் பிரதானிகளின் அதிகாரம் குறைக்கப்பட்டதை வகுப்பில் அட்டையாகக் கொடுத்து, மூன்று ஆண்டில் என்ன மாறியது என்று கேளுங்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியும் அப்படியே: துப்பாக்கி, நாய், கடை என்று எல்லாவற்றுக்கும் வரி, வீதியில் கட்டாய உழைப்பு, கிளர்ச்சித் தலைவர்களான புரன் அப்பு, கொங்காலேகொட பண்டா. 1840 காணிச் சட்ட அட்டையைத் திரும்ப எடுத்துக்கொடுத்தால் பிள்ளைகளே தொடர்பைக் கண்டுபிடிப்பார்கள்.

மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அவர்களைப் பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தையும் (சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்) மூன்றாவது, நான்காவது முறைக்கு வைத்திருங்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரின் முடிவு பிறகு என்று இரண்டு அரசுகள் பிரித்துக்கொண்ட கணக்கு, பிள்ளைகளின் வீட்டில் அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று இன்றும் இருக்கும் பிரிவு. அந்தத் தாளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு, எந்தப் பிள்ளையின் வீட்டில் அது எந்தக் காயத்தைத் தொடும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் வீட்டுக் கேள்வியைக் கட்டாயமாக்காமல், விரும்பியவர்கள் கேட்டு வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.